மாடி அறைக் குட்டிகள்

ஏப்ரல் 9, வியாழன்
காலையிலேயே அனல். 9-பி விடைத்தாள் திருத்தப் பாக்கி. மாடி இருட்டறைக் கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். வௌவால்கள் அத்தனையும் தாய்கள். வயிற்றில் ஒட்டிய குட்டிகள். சூட்டுக்காக நெருக்கியடித்துத் தொங்கல். ஆண்கள் சினைக்காலத்திலேயே விலகிக் கிணற்றுச் சுவருக்குப் போய்விட்டன.

கொழுந்தன் முரளிக்குச் சித்ரா பௌர்ணமிக்குள் அந்த அறையை வாடகைக்கு விடணுமாம்.

"ஒரு மாசம் பொறுத்துக்கப்பா. குட்டிங்க பறந்துட்டா அதுங்களே இடம் மாறிடும்."

"சரிங்க அண்ணி."

என் கணவர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு
கேஸ் சிலிண்டர் புக் செய்யணும். குட்டிகள் கனத்துவிட்டன. தாய்கள் சாயங்காலம் அவற்றை அறையிலேயே விட்டு இரைக்குப் போகின்றன. போக வர வென்டிலேட்டர் ஒன்றுதான். கீழே முரளி, மேஸ்திரியிடம்: "பொழுது சாஞ்சா எல்லாம் வெளிய போயிடும்பா. அப்ப..." என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஏப்ரல் 14, செவ்வாய்
புத்தாண்டு. கோயிலில் கூட்டம் ஜாஸ்தி. வீடு வரும்போது இருட்டு. படியில் ஈர சிமென்ட்.

"பாத்ரூம்ல வெடிப்பு, அண்ணி. அதான் பூசினோம்."

சரி என்று படுக்கப் போனேன்.

ஏப்ரல் 16, வியாழன்
ஆஸ்பத்திரி. இடது கையால் எழுதுகிறேன்.

நேற்று விடியும்போது மாடியில் தொப் தொப்பென்று சத்தம். ஓடினேன். வென்டிலேட்டர் இருந்த இடத்தில் புதுப்பூச்சு. திரும்பி வந்த தாய்கள் அதில் போய்ப் போய் மோதின. ஒன்றின் சிறகு சிமென்டில் ஒட்டிக் கிழிந்து ரத்தம். உள்ளே குட்டிகளின் கீச்சொலி. கதவுக்குப் புதுப் பூட்டு. கடப்பாரையை எடுத்துப் பூச்சைக் குத்தினேன். கல் பெயர்ந்தது.

முரளி கம்போடு வந்தான். வௌவால்களை அடித்தான். விழுந்தவற்றை மிதித்தான்.

"நகருங்க அண்ணி!"

"கொல்லாதடா!"

கடப்பாரையைப் பிடுங்கி என் மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறிந்தது காதில் கேட்டது.

அதற்குள் ஓட்டை விழுந்திருந்தது. அவன் தலைக்கு மேலாகவே தாய்கள் உள்ளே பாய்ந்தன. அத்தனை கூச்சலிலும் தன் குட்டியின் குரல் எது என்று ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது. கவ்வி அணைத்துக்கொண்டு வெளியேறின. அறைத் தரையில் விழுந்து செத்த குட்டிகள் அப்படியே கிடந்தன.

படியில் என் கணவர். "மெதுவாப் பேசுங்க. தெருவே பாக்குது."

டாக்டர் கேட்டார். "எப்படிம்மா ஆச்சு?"

கணவர் முந்திக்கொண்டார். "படியில வழுக்கி விழுந்துட்டாங்க, சார்."

"இல்லைங்க. இவரோட தம்பி கடப்பாரையால அடிச்சாரு."

"அப்ப போலீஸுக்குச் சொல்லணும்மா."

கணவர் என் தோளை அழுத்தினார். தட்டிவிட்டேன்.

"சொல்லுங்க."