நடுவர் பஞ்சாபகேசனின் மகள்

27 அக்டோபர் 1982, புதன்

தேன்சிட்டு மெல்லிசைக் குழு சனிக்கிழமை காளவாசலில் பாடப் போகிறது! ஆயுத பூஜையை ஒட்டி அங்கே ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பாட்டுப் போட்டி வைக்கிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் கே.கே. நகர் கோயிலில் இவர்கள் பாடியதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு எந்தக் குழுவும் காதில் ஏறுவதில்லை. சின்னக்கருப்பன் என்பவர்தான் பாடுகிறார். ஆட மாட்டார், மைக்கைச் சுழற்ற மாட்டார். சும்மா நின்று பாடுவார். அதுதான் பிடித்தது.

அப்பாவிடம் கேட்டேன். “தகர டப்பாவைத் தட்டறதைக் கேக்க காளவாசல் வரைக்கும் போகணுமா?” என்றார். அரை மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார் — அவரும் கூட வருவாராம்! நான் ஸ்வெட்டர் வேறு போட்டுக்கொள்ள வேண்டுமாம். மதுரையில் ஸ்வெட்டர். யாரிடம் போய்ச் சொல்ல?

29 அக்டோபர், வெள்ளி

என் தோழி பட்டு எங்கள் வகுப்பையே திரட்டிக்கொண்டு வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். கைதட்ட ஆள் வேண்டுமே.

31 அக்டோபர், ஞாயிறு

நேற்று ராத்திரி எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் பேனா நகரவில்லை. இப்போதும் ஆறவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பட்டு தனியாக வந்தாள். “எல்லாருக்கும் வீட்ல விடலைடி” என்றாள். சரி, போகட்டும். ராஜகானம் குழு நீலக் கோட்டு போட்டுக்கொண்டு மேடை ஏறியதும் இவள் எழுந்து நின்று கைதட்டுகிறாள்! கிடார்காரனுக்குச் சுருட்டை முடியாம். ஆக, தேன்சிட்டுக்கு ரசிகர் மன்றம் என்று மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். அதுவும் ஸ்வெட்டரில்.

அப்பா முதல் வரிசையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம். வேஷ்டி, விபூதிப் பட்டை, கையில் தண்ணீர் பாட்டில். சொற்பொழிவுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். பொன்னாடை போர்த்திப் போர்த்தியே ஒரு மணி நேரம் போனது. அப்புறம் போட்டியை நடத்துகிற லேத் பட்டறை விருமாண்டி நேரே எங்களிடம் வந்தார்.

“சாரப் பாத்தாலே தெரியுது, சங்கீதம் தெரிஞ்ச ஆளுன்னு. ஒரு நடுவரு வரலைங்க. நீங்கதான் வந்து உக்காந்து குடுக்கணும்.”

நான் அப்பாவின் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தேன். மாட்டேன் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். ரேடியோவில் சினிமாப் பாட்டு வந்தால் எழுந்து போய் அணைக்கிற மனுஷர்! “அதுக்கென்ன” என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தர் வந்து சங்கீதம் தெரிஞ்சவர் என்று சொன்னால் போதும், அப்பாவுக்கு.

தேன்சிட்டு கடைசியில் வந்தது. ஆர்மோனியம், தபேலா, ஒரு பழைய கிடார். கோட்டு இல்லை. சின்னக்கருப்பன் முகமே சரியில்லை. பாட ஆரம்பித்தார். ஊரெல்லாம் டீக்கடையில் ஓடுகிற ஒரு சினிமாப் பாட்டு. இவர்கள் இதைப் பாடி நான் கேட்டதே இல்லை. மேலே போகிற இடத்தில் குரல் சுருதியோடு சேரவில்லை. எனக்கே தெரிந்தது. தெரிந்தும் கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன். பின்னால் ஒரு ஆள், “ஏ பாப்பா, உக்காரு, மறைக்குது” என்றார்.

அதற்கப்புறம்தான் கொடுமை. ஒவ்வொரு நடுவரும் போட்ட மார்க்கை மைக்கில் வாசித்தார்கள். யார் கண்டுபிடித்த முறையோ! “தேன்சிட்டுக் குழுவுக்கு, நடுவர் பஞ்சாபகேசன் அவர்கள் கொடுத்த மதிப்பெண், பத்துக்கு நாலு.”

நாலு. மைதானம் முழுக்கக் கேட்டது. பட்டு என்னைத் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜகானத்துக்குக் கோப்பை. தேன்சிட்டுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்க்.

பஸ்ஸில் அப்பா சொன்னார்: “சுருதியே சேரலைடி. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கோல்லியோ?”

சுருதி சேரவில்லைதான். அதனால்தான் இன்னும் எரிகிறது. இனிமேல் அப்பாவோடு பேசப் போவதில்லை.

1 நவம்பர், திங்கள்

அப்பா மூக்குக் கண்ணாடியை நடுவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். பேப்பரை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. பேசாமல் இருக்கிற ஆளுக்கு எப்படிப் பேப்பர் வாசிப்பது? தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரைக்கும் வாசித்தேன். இது பேச்சில் சேராது.

3 நவம்பர், புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி. சின்னக்கருப்பன்! அப்பாவின் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். “விருமாண்டி அண்ணே அட்ரஸ் குடுத்தாரு சார். கண்ணாடி இல்லாம செரமப்படுவீங்கன்னு வந்தேன்.” நாலு மார்க் போட்ட மனுஷனுக்கு!

அப்பா உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். பேச்சுக்காவது வேறு ஏதாவது ஆரம்பிக்கக் கூடாதா? “உனக்கு நாலு போட்டது நான்தான் தம்பி” என்றார்.

“தெரியும் சார். நாங்களே அம்புட்டுத்தான் போட்டிருப்போம்” என்று சிரித்தார். அவர்கள் பாட இருந்தது சொந்தப் பாட்டாம். சினிமாப் பாட்டு மட்டும்தான் என்று மேடைக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிட்டார்களாம். “ரெண்டு தடவதான் பாடிப் பாத்தோம். எப்புடி சார் சேரும்?”

“அப்போ உங்க பாட்டை இப்போ பாடேன், கேப்போம்.”

அதற்குள் அம்மா எட்டிப் பார்த்து, “எந்த ஊருப்பா?” என்றாள்.

“திருவாதவூரும்மா.”

“திருவாதவூர்ல எந்தத் தெரு?”

“காலனிம்மா.”

அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவர் பாடினார். ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டோடு திரும்பிப் போய்விடுகிற கடைசி பஸ்ஸைப் பற்றிய பாட்டு. கேலியாக ஆரம்பித்து, போகப் போகக் கேலியே இல்லாமல் போய்விட்டது. அன்றைக்கு எட்டாத இடமெல்லாம் சாதாரணமாக எட்டியது. அப்பாவின் விரல் அவருக்குத் தெரியாமலே தொடையில் தாளம் போட்டது.

பிறகு அம்மா காப்பி கொண்டுவந்தாள். அப்பாவுக்கு எவர்சில்வர் டம்ளர், டபரா. அவருக்கு, கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கும் அலுமினிய டம்ளர். வேலை செய்கிற மாயக்காளுக்குக் கொடுப்பது.

அவர் அதை ஒரு தடவை பார்த்தார். “காப்பி குடிக்கிறதில்லம்மா. பாடுற தொண்டைக்கு ஆகாது. வாரேன் சார்.” எழுந்து போய்விட்டார். சைக்கிள் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் நான் தலை நிமிரவில்லை.

அப்பா தன் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். கவனிக்கவில்லையா? கவனிக்காத மாதிரி இருந்தாரா?

4 நவம்பர்

அம்மாவிடம் கேட்டேன். “எல்லா ஆத்துலயும் இருக்கறதுதான். உன் பாட்டுப் பைத்தியத்துக்கு நான் சம்பிரதாயத்தை மாத்தணுமா?” என்றாள். “அவருக்குத் தெரிஞ்சுடுத்தும்மா” என்றேன். “தொண்டைக்கு ஆகாதுன்னுதானே சொன்னான்?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மாவோடும் பேச்சு கிடையாது. இந்த வீட்டில் நான் பேசுவதற்கு மிச்சம் ரேடியோதான்.

5 நவம்பர்

மாயக்காளுக்கு நானே எவர்சில்வர் டம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். தினமும் அந்த நசுங்கின டம்ளரைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? இத்தனை வருஷம் என் கண் எங்கே போயிருந்தது?

மாயக்காள் கையிலேயே வாங்கவில்லை. “எதுக்கு பாப்பா வம்பு? ஒனக்கும் ஒங்கம்மாவுக்கும் சண்டைன்னா நடுவுல என் காப்பி ஆறிப்போகணுமா?”

யாருக்காகத்தான் சண்டை போடுவது!

6 நவம்பர்

இன்று காலை அலுமினிய டம்ளரைத் தேய்த்துக் கழுவி அதில் என் காப்பியைக் குடித்தேன். அம்மா பார்த்தாள்.

7 நவம்பர்

இன்றும். உதடு சுட்டுவிட்டது.

12 நவம்பர்

இன்றும். மாயக்காள் சத்தம் போட்டாள்: “என் டம்ளர நீ தூக்கிக்கிட்டா நான் எதுல குடிக்க?” வேறு வழியில்லாமல் அம்மாவே அவளுக்கு எவர்சில்வரில் ஊற்றினாள், என்னை முறைத்துக்கொண்டே. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். பேப்பர் ஆடியது. சிரித்தாரோ?

20 நவம்பர், சனி

அலுமினிய டம்ளரைக் காணோம். பழைய பாத்திரக்காரனிடம் அம்மா போட்டுவிட்டாளாம். “ஓட்டை விழுந்துடுத்து” என்றாள்.

ஓட்டையெல்லாம் இல்லை. தினமும் குடித்தவள் நான்.

5 டிசம்பர், ஞாயிறு

சின்னக்கருப்பன் வந்திருந்தார். திருவாதவூரில் அடுத்த வாரம் தேன்சிட்டுக் கச்சேரி. முழுக்கச் சொந்தப் பாட்டுகள். “இந்தத் தடவ நீங்க நடுவர் இல்ல சார். சும்மா வந்து உக்காந்து கேளுங்க.” அவர் பாதி சொல்லும்போதே அப்பா, எந்த பஸ், எத்தனை மணி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். என்னையும் அழைத்துப் போவீர்களா என்று நான் கேட்க வேண்டியிருந்தது. என் குழு! முதலில் கண்டுபிடித்தது நான்!

அம்மா தட்டோடு வந்தாள். மூன்று எவர்சில்வர் டம்ளர். ஒரே மாதிரி. அவர் பக்கம் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

அப்பா இருக்கிறாரே — “தொண்டைக்கு ஆகாதுன்னியே தம்பி?” என்று கேட்டுவிட்டார். எனக்கு அவர் வாயில் துண்டை அடைக்க வேண்டும் போல இருந்தது.

அம்மாதான் குறுக்கே புகுந்து, “சர்க்கரை போறுமாப்பா?” என்றாள்.

“இன்னுங் கொஞ்சம் வேணும்மா” என்றார்.

அம்மா கையை நீட்டி, அவர் வாய் வைத்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.