பதுவையில் பன்னிரண்டு மணி

உன் நினைவு மலரின் அச்சுப்படி என் மேசைமேல் கிடக்கிறது. பதினாறு பக்கம். இன்று மாலை சகாயம் கொண்டுவந்து கொடுத்தாள். நம் பள்ளிப் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்ற மெலிந்த பெண், நினைவிருக்கிறதா? இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். புதுக்கடை ஜங்ஷனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். "ஒரு எழுத்துப் பிழ இருந்தாலும் நீங்க ஏசுவீங்கன்னு தெரியும் டீச்சர். அதான் முதல்லயே கொண்டாந்துட்டேன். நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கிடுகேன்" என்றாள். உன் முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்காம்.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் நாலு பக்கத்துக்கு மேல் கண் தாங்குவதில்லை. விட்டு விட்டுப் பார்த்தேன். ஒற்று விடுபட்ட இடங்கள் ஒன்பது, தலைகீழாக வைத்த மேற்கோள் குறி ஒன்று. எட்டாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. "இத்தாலியில் ரயிலை விட்ட நம் டீச்சர்" என்று தலைப்பு. பதுவையிலிருந்து ரோமுக்குப் போக வேண்டிய நாளில், நண்பகல் மணி கேட்டதும் நீ பிளாட்பாரத்திலேயே மூவேளைச் செபத்தைத் தொடங்கியதையும், பதினான்கு பெண்களும் தலை குனிந்து நின்றதையும், நிமிர்ந்தபோது தண்டவாளம் காலியாகக் கிடந்ததையும் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார்கள். அன்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. செபத்தைத் தொடங்கியது நீ அல்ல, நான். அது ஒன்றுதான் பிழை.

பதினெட்டு வருடமாக இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நாம் இருவரும் பின்னால் நின்றோம், தொடங்கிய குரல் யாருடையது என்று பிள்ளைகள் திரும்பிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட "அவள்தான் தொடங்கினாள்" என்றே சொன்னேன். அவர் அதை நம்பியே போய்ச் சேர்ந்தார். இப்போது நீயும் இல்லை. நாளை மத்தியானம் சகாயம் இதை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அச்சில் ஏறி, உன் கணக்கில் அது நிலைத்துவிடும். திருத்த வேண்டிய பேனா என் கையில்தான் இருக்கிறது. கை எழவில்லை.

அந்தப் பயணமே உன்னால் கிடைத்தது. நம் பள்ளியை நடத்தும் சிஸ்டர்களின் தலைமை மடம் ரோமில் இருந்தது. அங்கே நடந்த விழாவுக்கு நம் பிள்ளைகளைப் பாட அழைத்தார்கள் என்றால், அது நீ வருடக்கணக்கில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவர்களைப் பழக்கியதற்குக் கிடைத்தது. பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள். கடல் இரைச்சலுக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய தொண்டைகள். அவற்றை நீதான் பாட்டுக்குள் அடக்கினாய். நான் இங்கிலீஷ் டீச்சர் என்பதால் துணைக்கு வந்தேன். பாஸ்போர்ட், டிக்கெட், நேரம் எல்லாம் என் பொறுப்பு.

முதலில் பதுவை. அந்தோணியார் கோயிலில் அவருடைய அழியாத நாக்கைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்தோம். பொய்யே பேசாத நாக்கு என்று நான் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நீ என் காதோரம் குனிந்து, "எனக்க நாக்கையும் இப்படி எடுத்து வச்சா ஒருத்தரும் கிட்ட வரமாட்டாவ. வச்ச எடத்துல இருந்தே பேசும்" என்றாய். பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு அது கேட்டுவிட்டது. அந்தப் புனித இடத்தில் பதினான்கு பேரும் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம். பயணம் தொடங்கி மூன்று நாளாக ஒருவரும் நண்பகல் செபம் சொல்லவில்லை என்பது வேறு மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும், "இத்தாலி வந்ததும் பன்னிரண்டு மணி அடிக்கிறது நின்றுபோயிற்றா?" என்று எல்லாரையும் கேட்டேன். பிள்ளைகளைக் கேட்பதுபோல உன்னைத்தான் கேட்டேன். நம் பள்ளியில் தினமும் மைக்கில் செபத்தைத் தொடங்குவது உன் வேலைதானே.

மறுநாள் ரயில் நிலையம். ரோம் ரயில் வந்து நின்றது. ஆளுக்கொரு பெட்டி, தோளில் ஒரு பை, பள்ளிச் சீருடை. அந்த நேரம் பார்த்து நிலையத்துக்கு அப்பால் எங்கோ ஒரு கோயில் மணி. நான் பெட்டியைக் கீழே வைத்தேன். சிலுவை அடையாளம் போட்டு, உரக்க, உன்னுடைய வரியை நான் சொன்னேன். பிள்ளைகளுக்கு யோசிக்கத் தெரியாது, அப்படித்தானே வளர்த்திருந்தோம். மணி அடித்தால் நிற்க வேண்டும், தொடங்கினால் முடிக்க வேண்டும். பதினான்கு பெட்டிகளும் தரையில் இறங்கின. நீ மட்டும் மெல்ல, "ஏட்டி, வண்டி நிக்குது" என்றாய். நான் கையை உயர்த்தி உன்னை அடக்கினேன். மூன்று அருள்நிறை மரியேயில் இரண்டாவதைச் சொல்லும்போது கதவுகள் மூடும் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நான் தவறு செய்தேன் என்று ஆகிவிடும் அல்லவா?

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு ரயில்வே ஊழியர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "இவருக்கு இருக்கிய பக்தி டிரைவருக்கு இல்லாமப் போச்சே" என்றாய். ஒருவரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ரோமில் பாட வேண்டும்.

நம் டிக்கெட்டுகள் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கையை விரித்துவிட்டாள். பிறகு ஊர் ஊராக நிற்கும் வண்டிகள். பொலோஞ்ஞாவில் இறங்கி மாறு. பிளாரன்சில் இறங்கி மாறு. ஒவ்வொரு இடத்திலும் படி இறங்கி, சுரங்கத்தில் நடந்து, படி ஏறி. ஒரு பெண்ணின் பெட்டிச் சக்கரம் கழன்றுவிட்டது. அதை நீயும் அவளுமாக ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். என் முழங்கால் வலி அன்றைக்குத் தொடங்கியது. இன்னும் போகவில்லை.

பிளாரன்சைத் தாண்டியதும் நீ உன் தகர டப்பாவைத் திறந்தாய். முந்திரிக்கொத்து. பசி ஆறியதும் பிள்ளைகளுக்கு முகம் தெளிந்தது. எதிரே இருந்த இத்தாலியக் கிழவிக்கும் ஒன்று நீட்டினாய். அவள் கடித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்ன டீச்சர் சொல்லுகாவ?"

"கொள்ளாம், ஆனா ஏலக்கா கொறவுன்னு சொல்லுகா" என்றாய். உனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

அப்புறம் நீ மணியைப் பார்த்தாய். ஆறு. எழுந்து நின்றாய். "மக்கா, ஆறு மணிக்குப் பாடுகோம்னு வாக்கு குடுத்தாச்சு. யாரு கேட்டா என்ன?" என்றாய். ஓடுகிற ரயிலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பாதி முந்திரிக்கொத்தோடு, தாளம் காட்டினாய். விழாவுக்கென்று பழகிய பாட்டுகள் எல்லாம் முடியும்வரை பாடினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்தார்கள். கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சன்னல் பக்கம் திரும்பி, செல்லாத டிக்கெட்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நன்றாக அவர்கள் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை.

ரோமில் இறங்கியபோது எட்டு மணி. கோடைக்காலம், வெளிச்சம் மிச்சம் இருந்தது. தலைமை மடத்து மதர் நின்றார், பக்கத்தில் முன்னதாகவே போயிருந்த நம் பள்ளி சிஸ்டர். விழா முடிந்து வந்திருந்தார்கள். மதர் கேட்டதை சிஸ்டர் தமிழில் கேட்டார்: "யாரால் தாமதம்?" நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது சத்தியம். அதற்குள் நீ முன்னால் போய், "நாந்தான் மதர். மணி கேட்டா வாய் தானா தொறந்துரும். பழக்கம்" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். முந்தின நாள்தான் அந்தோணியார் நாக்கைப் பற்றிப் பிரசங்கம் செய்திருந்தேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பாடகர் குழுவை உன்னிடமிருந்து எடுத்தார்கள். "பொறுப்பானவர் கையில் இருக்கட்டும்" என்று என்னிடம் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். எனக்குச் சுரமும் தெரியாது, தாளமும் தெரியாது. வரிசையாக நிற்கச் சொல்லித்தரத்தான் தெரியும். ஆண்டு விழாவில் நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாய். முடிந்ததும் வந்து, "நல்லா நிக்காவ" என்றாய். பாடினார்கள் என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டேன். சுசீந்திரம் தேருக்கு வந்த கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நின்றோமே, அன்று. "ரோமில் ஏன் அப்படிச் சொன்னாய்?" நீ சன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "சவத்த விடுட்டி. நீ ஏச்சு வாங்கிப் பழகாதவ. எனக்கு அது சோறு மாதிரி." பஸ் நகர்ந்தது. நானும் விட்டுவிட்டேன்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது சொல்லிவிடத்தான் வந்தேன். உன் தம்பி மனைவி பக்கத்தில் இருந்தாள். நீ பேச முடியாமல் என்னைப் பார்த்தாய். உன் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டுத் திரும்பினேன்.

நேற்று இரவு எழுதுவதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். சோர்வு. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக எட்டாம் பக்கத்தை எடுத்தேன். உன் பெயர் வந்த இடத்தைக் கோடு போட்டு அடித்து, மேலே என் பெயரை எழுதினேன். மூன்று இடம். தலைப்பை முழுவதும் அடித்தேன். பக்கத்தில் இடம் போதாமல், பின்பக்கத்தில் பாடகர் குழு கைமாறியதையும் நாலு வரியில் எழுதினேன். கையெழுத்துக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது. படிக்க முடியும்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சகாயம் வந்தாள். வெளியே ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு, நின்றபடியே புரட்டினாள். எட்டாம் பக்கத்தில் வெகு நேரம் நின்றாள்.

"இத மாத்தணுமா டீச்சர்?"

"மாற்ற வேண்டும். நடந்தது அதுதான்."

"அது எங்களுக்கு அண்ணைக்கே தெரியும்லா."

எனக்குப் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒங்க சத்தம் எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? ரோம்ல மறுநாள் காலைல பாட்டு டீச்சர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாவ. 'நீங்க ஒருத்தரும் வாயத் தொறக்கப்பிடாது மக்கா. ஒங்க டீச்சர் தல நிமிந்து நடக்கியவ. அவ அப்படியே நடக்கட்டும். நான் எப்படியும் குனிஞ்சுதானே நடக்கேன், எனக்கு ஒண்ணும் கொறையாது'ன்னு."

அச்சுப்படியைக் காட்டி, "அதனாலதான் இதுலயும் அப்படியே எழுதினோம்" என்றாள்.

பதினான்கு பேர். அதற்குப் பிறகும் நான் அவர்களை நிமிர்ந்து நில் என்று அதட்டியிருக்கிறேன். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களிடம் பத்திரிகையில் பிழை காட்டியிருக்கிறேன். ஒருத்திகூட முகத்தில் காட்டவில்லை. வாய் திறக்காத அந்தப் பாட்டை மட்டும் நீ அவர்களுக்கு எவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறாய்.

"நடந்ததை நடந்தபடி போடு" என்றேன். அவள் தலையசைத்து அச்சுப்படியைப் பைக்குள் வைத்தாள்.

அப்போது கோயில் மணி அடித்தது. சகாயம் பையைக் கீழே வைத்துவிட்டு, கை கூப்பி, தலை குனிந்து நின்றாள். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பதுவைக்குப் பிறகு இந்தச் செபத்தை நான் தொடங்கியதே இல்லை. பள்ளியில் நீ சொன்னாய். ஓய்வு பெற்றபின் என் வீட்டுக்காரர் சொன்னார். தனியானபின் மணி ஓசையையே முதல் வரியாக வைத்துக்கொண்டு, மறுமொழியை மட்டும் முணுமுணுப்பேன். இன்று அந்தப் பெண் காத்துக்கொண்டு நின்றாள். தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் இனி அந்த முதல் வரி என்னுடையது, தினமும்.

இரண்டாம் அருள்நிறை மரியேயில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சகாயம் அசையவில்லை. "போ, வண்டி நிற்கிறது" என்றேன், செபத்தின் நடுவிலேயே.

"அது நிக்கும் டீச்சர்" என்றாள்.

நின்றது.