இரண்டாம் பக்கத்து நடனம்

பிராவிடன்ஸ்
18 அக்டோபர் 1959

என் அன்புத் தங்கை அல்சீராவுக்கு,

நீ நியூயார்க் திரும்பியதிலிருந்து அம்மா உன் அறையைப் பூட்டவும் இல்லை, பெருக்கவும் இல்லை. லேஸ் மில்லிலிருந்து வந்ததும் உன் கட்டிலில்தான் உட்காருகிறாள். மற்றபடி நாங்கள் நலம்.

ஒலிப்பதிவு நடந்த மூன்று நாளும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். உங்கள் ரெக்கார்டு கம்பெனி ஆட்கள் எங்கள் இசைக்குழுவினரோடு பேசக் கூடாது என்பது எனக்கும் தெரியும். டிராம்போன் ஊதும் அரூடா சும்மா இருந்தானா? “உன் தங்கச்சியா அது? தலைய நிமிர்த்தவே மாட்டேங்குதே! நாம என்ன பேயா?” என்றான். “காலேஜுல இதத்தான் சொல்லிக் கொடுத்தாங்களாம்” என்றேன். நம் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நீ. அதை நான் சொல்லாத இடமில்லை.

பீரங்கி, கோவில் மணி, குதிரைப் பாய்ச்சல், புயல் என்று நம் குழுவின் வசந்த கால இரவுக் கச்சேரிகளில் ஜனங்கள் பீர் குடித்துக்கொண்டே தாளம் தட்டும் அத்தனையும் ஒரே ரெக்கார்டில் வரப்போகிறது. அதில் அந்த இத்தாலிய நடனத்தின் தனி வாசிப்பு, கார்னெட் என்னும் குட்டி ட்ரம்பெட்டில் ஊதுவது, எனக்கு வந்தது, முதல் ட்ரம்பெட் ஊதிய கிழவர் ஓய்வு பெற்றதால். குழுவே அடங்கிப்போய் நாலு வயலின் மட்டும் மெல்ல மீட்ட, நான் தனியாக மேலே ஏறும் இடம்.

முதலில் சில தடவை உடைந்தது. மறைக்கவில்லை. போன குளிர்காலத்திலிருந்தே மேல் சுரத்தில் உதடு திடீரென்று என்னைக் கைவிட்டுவிடுகிறது. ஆனால் கடைசித் தடவை முடிந்ததும் கேட்டாயா? கையில் வாத்தியம் இருப்பவர்கள் கைதட்ட முடியாது, காலைத்தான் தரையில் தேய்ப்போம். அத்தனை பேரும் தேய்த்தார்கள்! பதிவானதைப் போட்டுக் கேட்பதற்குள் நேரம் முடிந்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபால் ரிவர் பள்ளியில் பாண்டு வாத்தியார் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் பதில் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் நம் குழுவில் முதல் ட்ரம்பெட் நாற்காலிக்குத் தேர்வு. இரண்டில் ஒன்றுதான். உதடு போனவனுக்கு அந்தப் பள்ளி கடவுள் காட்டும் இடம். உதடு இருக்கிறவனுக்கு அது கல்லறை.

நீ ஒலிநாடாவைக் கேட்டிருப்பாய். என் உதடு இருக்கிறதா, போய்விட்டதா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன் அண்ணன்
லியோனல்


நியூயார்க்
9 நவம்பர் 1959

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மா அனுப்பிய இனிப்பு ரொட்டியை அறைத்தோழிகள் இருவரும் ஒரே மூச்சில் காலி செய்தார்கள்.

ஆபீஸில் இன்னும் எனக்குப் பேச்சு வரவில்லை. மதியம் எல்லோரும் ஓட்டலுக்குப் போகும்போது நான் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். தயாரிப்பாளர் கோல்பி வெள்ளிக்கிழமை படியிலேயே என்னைப் பிடித்துவிட்டார். “ஏம்மா, ஊமையையா நான் வேலைக்கு எடுத்தேன்? பேசுவியா மாட்டியா நீ?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சிரித்துவைத்தேன்.

என் வேலை இதுதான். எந்தத் தடவை எந்த வரி நன்றாக வந்தது என்று இசைத்தாளில் குறித்துவைப்பேன். பிறகு நாடாவை பிளேடால் சாய்வாக அறுத்து, நல்லதை நல்லதோடு ஒட்டுவேன். என் கை நடுங்காது என்பதால் ஒட்டும் வேலையை முழுக்க என்னிடமே விட்டுவிட்டார்கள்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? நடனத்தில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்கிறார் கோல்பி. முடிவதற்கு முன் எதுவும் வெளியே சொல்லக் கூடாது என்று கண்டிப்பு. அன்று எல்லோரும் காலைத் தேய்த்ததை நானும் கேட்டேன். உன்னை எல்லோருக்கும் ரொம்பப் பிடிக்கும், அண்ணா.

பள்ளி வேலையைக் கல்லறை என்று ஏன் நினைக்கிறாய்? அரூடாவின் மகனுக்கு எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய்! ஓய்வூதியம் உண்டு. வீட்டுக்குப் பக்கம். கோடை முழுக்க விடுமுறை. நான் உன் இடத்தில் இருந்தால் சரி என்று எழுதிவிடுவேன்.

அன்புத் தங்கை
அல்சீரா


பிராவிடன்ஸ்
13 டிசம்பர் 1959

அடி போக்கிரி அல்சீரா,

நவம்பர் முழுக்க என்னைத் தவிக்கவிட்டாயே! ஓய்வூதியமாம், கோடை விடுமுறையாம்! நீ எழுதியதைப் பார்த்து உதடு போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். பள்ளிக்குச் சம்மதக் கடிதம் எழுதி, தபால் தலை கூட ஒட்டியாகிவிட்டது.

வியாழக்கிழமை ரெக்கார்டு வந்தது. நம்மிடம் ரெக்கார்டு போடும் பெட்டி இல்லையே என்று கீழ்வீட்டு திருமதி பெட்டன்கூர் தன்னுடையதை மாடிக்குத் தூக்கிவரச் செய்தாள். முதல் பக்கம் முழுக்க பீரங்கியும் மணியும். அம்மா காதைப் பொத்திக்கொண்டு, “இதுல எம்புள்ள எங்கடா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாம் பக்கத்தில் நடனம் வந்தது. அம்மா காதிலிருந்து கையை எடுத்தாள்.

அல்சீரா, நானா அது? மேல் சுரம் கண்ணாடி மாதிரி நிற்கிறது. என் மூச்சு அவ்வளவு நீளம் போகும் என்று எனக்கே தெரியாது. என் ஊதலை வெளியிலிருந்து கேட்டது இதுதான் முதல் தடவை. ஊதும்போது மண்டைக்குள் கேட்பது வேறு, ஊருக்குக் கேட்பது வேறு போலிருக்கிறது. இத்தனை மாதம் என் காதுதான் என்னை ஏமாற்றியிருக்கிறது.

அம்மா எழுந்து வந்து என் வாயைத் தொட்டுப் பார்த்தாள். “இதுலேருந்தா வந்துச்சு?” என்றாள். பெட்டன்கூர் சும்மா விடுவாளா? “ஆமா, அதே வாய்தான் ராத்திரி முழுக்கக் குறட்டையும் விடுது. கீழ எனக்குல்ல தெரியும்!” என்றாள்.

அந்தச் சம்மதக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். வர முடியாது என்று பள்ளிக்கு எழுதிவிட்டேன். பிப்ரவரியில் தேர்வு. கிறிஸ்துமஸுக்கு வா, உன்னைத் தலைக்கு மேல் தூக்குகிறேன்.

உன் அண்ணன்
லியோனல்


நியூயார்க்
16 டிசம்பர் 1959

அண்ணா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. கையோடு எழுதுகிறேன்.

பள்ளிக்கு உடனே மறுபடி எழுது. தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று சொல். எழுத வேண்டாம், நேரிலேயே போ. இன்னும் யாரையும் எடுத்திருக்க மாட்டார்கள்.

ரெக்கார்டு வேறு, மேடை வேறு. நாடாவில் நாங்கள் என்னென்னவோ செய்வோம். அதைக் கேட்டு வாழ்க்கையை முடிவு செய்யாதே. ஏன் என்று என்னைக் கேட்காதே. அம்மா அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு நான் எதை எழுத முடியும்?

கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கேட்கவில்லை. வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

போ அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன், ஃபால் ரிவருக்குப் போ.

அல்சீரா


பிராவிடன்ஸ்
21 பிப்ரவரி 1960

அல்சீராவுக்கு,

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. படித்தவளுக்கு அண்ணன் மேலே போவது பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அதனால் பதில் எழுதவில்லை. ஃபால் ரிவருக்கும் போகவில்லை.

தேர்வு நடந்தது. இசை நடத்துநர் ஹேவர்ஸ் ஐயாவும் குழுவின் மேலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நடனத்தையே கேட்டார்கள். மேல் சுரத்தில் வெறும் காற்று வந்தது. இன்னொரு தடவை ஊதினேன், அப்போதும் காற்றுதான். மேலாளர், “என்னப்பா நீ? ரெக்கார்டுல ஊதினத அப்படியே ஊதேன்” என்றார். ஹேவர்ஸ் ஐயா சட்டென்று அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

போன வாரம் இசைக்கலைஞர் சங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு நாடகக் கம்பெனியின் ட்ரம்பெட்காரர் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் நம் ரெக்கார்டின் அட்டையைக் குத்தி வைத்திருக்கிறார்கள். அதை விரலால் தட்டினார்.

“இதுல அந்த நடனம் என்னோடது, தெரியுமா? பேரு வராது, காசு மட்டும்தான். இந்த ஊரு ஆளு ஒருத்தருக்கு உதடு போயிடுச்சாம், பாவம். நாலு வயலின உக்கார வெச்சு ஒரு மத்தியானத்துல ஊதிட்டு வந்துட்டேன். கண்ணாடிக்குப் பின்னால ஒரு பொண்ணு, பென்சிலும் கையுமா. நல்லா வந்துச்சான்னு கேட்டேன். அழுதுக்கிட்டே எழுந்து போயிடுச்சுங்க. அவ்வளவு மோசமாவா ஊதினேன்?” என்று சிரித்தார். பிறகு, “நீங்க என்ன வாசிக்கிறீங்க?” என்றார்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

வீட்டுக்கு வந்து, இன்னும் மாடியிலேயே இருக்கும் பெட்டன்கூரின் பெட்டியில் ரெக்கார்டைப் போட்டேன். எங்கே என் குழு முடிகிறது, எங்கே அந்த மனிதர் ஆரம்பிக்கிறார் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. சுத்தமாக ஒட்டியிருக்கிறாய்.

மறுநாள் ஃபால் ரிவருக்குப் போனேன். பள்ளி மைதானத்தில் புது வாத்தியார் பிள்ளைகளை வரிசையில் நடக்கவைத்துக்கொண்டிருந்தார். வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். குழுவை விட்டுவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து நகைத் தொழிற்சாலையில் பெல்ட் கொக்கிகளுக்கு மெருகு போடுகிறேன். வேலை தொடங்கும் முன் வாயில் துணி கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், தூசிக்காக.

அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. தினமும் மாலையில் யாராவது மாடிக்கு வந்து ரெக்கார்டு கேட்கிறார்கள். சிலர் கடையில் வாங்கிய அட்டையைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரே ஒன்றை நீட்டினார். அம்மா பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தாள். போட்டுக் கொடுத்தேன்.

அம்மாவுக்கு வழக்கம்போல எழுது. எனக்கு எழுத வேண்டாம். உறை மேல் உன் கையெழுத்தைப் பார்த்தால் நான் பிரித்துவிடுவேன்.

லியோனல்