மூடாத டேப்கள்

செங்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிஸ்ரியா நின்றபடியே புருஷன் முஃபீத்துக்குச் சீட்டு எழுதினாள்.

"மச்சான், உம்மா வீட்டுக்குப் போறேன். சாயந்திரம் மஃரிப் தொழுகைக்குள்ள வந்துருவேன். மீனாணம் அடுப்புல இருக்கு, சூடு பண்ணி சோத்துல ஊத்திச் சாப்பிடுங்க. குற்றாலத்து ரூமை சீசனுக்குக் கேட்டு ஆள் வருவாங்க. சாவி டிவி மேல."

பேனாவை மூடப் போனவளுக்கு மனசு ஆறவில்லை. எந்த லிங்க்கைத் தொட்டாலும் புது டேப்பில் திறக்கும்படி லேப்டாப்பை மாற்றிவைத்தவன் முஃபீத்தான். "ஏட்டி, இனிமே நீ பாத்துக்கிட்டிருந்த பக்கம் தொலையாது" என்று அவளுக்காகச் செய்தானாம். துபாயே வேண்டாம், ரூமைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்றவனும் அவன்தான். காலையில் அவள் லேப்டாப்பைத் திறந்தால், இரவு அவன் தொட்டதெல்லாம் வரிசையாக நிற்கிறது: துபாயில் வேலை, விசா, திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட். மறந்து விட்டானா, அவள் பார்க்கட்டும் என்றே விட்டானா?

சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"லேப்டாப்புல எல்லாத்தையும் பாத்துட்டேன். ஒண்ணையும் மூடல. நான் திரும்பி வாறப்ப நீங்க எதெதை மூடியிருக்கீங்கன்னு பாப்பேன்."