இடது சக்கரத்து பிரேக்

2-11-97, ஞாயிறு
காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். வெள்ளகோவில் வந்தோம். மழையில் புல் கணுக்கால் உயரம். இவருடைய சித்தப்பா மகனின் மேய்ச்சல் நிலம். நடுவே எங்கள் ஓடுபாதை, ஓரத்தில் தகரக் கொட்டகை, அதற்குள் விமானம். பம்ப்செட் பட்டறை வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஆறு வருடமாக இவரே கட்டியது. இரண்டு இருக்கை. வலது பக்கத்தது எனக்கென்று அளந்து வைத்தது. நான் ஏறியதில்லை. இவரும் வற்புறுத்தியதில்லை.

இன்று இறங்கும்போது வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் முள்வேலியில் முட்டி நின்றது. இறக்கையில் கீறல். இவருக்கு ஒன்றுமில்லை. மாடு மேய்க்கும் பொன்னாத்தா: "ஏனுங்க, வேலி போட்டது மாடு தாண்டாம இருக்கவா, இது தாண்டாம இருக்கவா?"

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் இடது பிரேக் பேட் தேய்ந்து தகடு. இரண்டரை மில்லிக்குக் கீழே போனால் மாற்று என்று இவரே கொட்டகைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்!

மத்தியானம், தட்டைப் பார்த்தபடி: "சரசு, ஒரு தடவை கூட வர்றயா?" இத்தனை வருடத்தில் முதல் முறை.
"பிரேக்கை நானே மாட்டறேனுங்க. மாட்டினா வாரேன்."
ஏன் அப்படிச் சொன்னேன்? மேலே போவதில் பயமில்லை. நிற்காமல் போவதில்தான்.
இரண்டு சக்கரத்து பிரேக்கையும் நானே கழற்றினேன். ஒரு நகம் போயிற்று.

4-11, செவ்வாய்
வானம் மூடாக்கு. தீபாவளி முறுக்கு நமுத்துவிட்டது.
சிங்காநல்லூர். பழனிச்சாமியின் கடை. லாரியிலிருந்து மொபெட் வரை பிரேக் லைனிங் அடிப்பவர். பட்டறைக்குப் பழக்கம். தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எந்த வண்டிதுங்க அம்மணி?"
"ஏரோப்ளேன்."
"அப்படீங்களா. நேத்து ஒருத்தர் ரயிலுக்குக் கொண்டாந்தாருங்க."
போட்டோ காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

இவர் எழுதிக் கொடுத்த ரகம் அவரிடம் இருந்தது. பழைய ரிவெட் ஆணியைத் துளைத்து எடுக்க வேண்டும். பிடித்துத் தேயும் பாகமான லைனிங்கைப் புதிதாக அளவு பார்த்து வெட்டி, பித்தளை ரிவெட். அதன் தலை லைனிங்குக்குள் அமிழ வேண்டும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசக் கூடாது. நான்கு துண்டு. கடைசி இரண்டு ரிவெட் நான் அடித்தேன். ஒன்று கோணல். "நானும் மொத வருசம் பூராக் கோணலாத்தானுங்க அடிச்சேன்" என்றபடி அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி அடிக்க வைத்தார்.

பால் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்ல. அம்மாவுக்குக் கடிதம் (எழுதவில்லை).

8-11, சனி
வழி முழுக்க மழை. கொட்டகையின் ஒரு பக்கத்துத் தகரம் வழியே சாரல் அடித்து இடது சக்கரத்தின் டிஸ்க்கில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மறுபடி பிடிக்காமலிருக்கப் பொன்னாத்தாவிடம் தேங்காய் எண்ணெய் வாங்கி லேசாகத் தடவித் துடைத்தேன். முகம் தெரிந்தது.

பேட், போல்ட், பிறகு போல்ட் கழலாமலிருக்கப் பூட்டுக் கம்பி. முறுக்கும் திசைகூட உண்டாம். மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். இவர் இறக்கைக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் வரவேயில்லை, வேண்டுமென்றே. சந்தோஷம்.

9-11, ஞாயிறு
வெயில். பறக்கவில்லை. புது பேட் பழக வேண்டும்: தரையில் ஓட்டி, மெதுவாகப் பிடித்து, சூடாக்கி, ஆறவிட வேண்டும். வலது பிடித்தது. இடது வழுக்கியது. மூன்று தடவையும் வட்டமடித்து நின்றது.
பொன்னாத்தா: "செக்கு மாடு தோத்துதுங்க!"

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பழனிச்சாமியின் வீட்டுக்குப் போன். "உசுரோட வெளையாடறீங்களா? மட்டச் சரக்கை எங்க தலைல கட்டிப்போட்டீங்க!" கண்ணாடிக் கதவுக்கு வெளியேயும் கேட்டது.

சாயங்காலம் வீடு. தோசை. சுட்டு முடித்ததும் வழக்கம்போலக் கல்லைத் துடைத்து எண்ணெய் தடவினேன். கை அப்படியே நின்றுவிட்டது.
எண்ணெய். டிஸ்க். நான்தான்.
கல்லில் ஒட்டக் கூடாது. பிரேக் ஒட்டித்தான் ஆக வேண்டும். படித்தது பி.எஸ்சி. வேதியியல்!

சொல்லவில்லை. "இனி வேற கடை பாக்கணும்" என்றார், சாப்பிட்டபடி. தலையாட்டினேன். எண்ணெய் தடவியதாவது தெரியாமல் செய்தது.

10-11, திங்கள்
குளிர். காப்பியோடு சொல்லிவிட்டேன். "டிஸ்க்குல எண்ணெ தடவுனது நானுங்க."
டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அந்த மனுசனை என்ன பேச்சுப் பேசிப்போட்டேன்." என்மேல் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

இருவரும் சிங்காநல்லூர். பழனிச்சாமி எங்களைப் பார்க்காததுபோல ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார். இவர் வாயெடுக்கும் முன் நான் சொல்லிவிட்டேன். சுத்தியல் நின்றது.
"தலைக்கு வெக்கற எண்ணெயிங்களா?"
"ஆமாங்க."
"அப்படியே சீயக்காயும் போட்டு உட்டிருக்கலாமுங்களே அம்மணி! தீவாளிக்கு எல்லாரும் எண்ணெ தேச்சுக் குளிக்கறோம், பிரேக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"
கடையே சிரித்தது. இவரிடம் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வஞ்சிருக்கலாமுங்க."
"தப்புத்தானுங்க" என்றார் இவர். நாற்பத்தெட்டு வயதில் இவர் அப்படித் தலை குனிந்து நின்றது என்னால்.

எண்ணெய் குடித்த லைனிங் இனி ஆகாதாம். புதிதாக இரண்டு துண்டு. இந்த முறை எல்லா ரிவெட்டும் நான். டிஸ்க்கைத் தின்னரில் கழுவ. பிறகு விரல்கூடப் படக் கூடாது.

13-11, வியாழன்
தூறல். தலைவலி. துவைத்தது எதுவும் காயவில்லை.
நான் மாட்டினால்தான் ஏறுவேன் என்றேன். இவர் கையை நம்பவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? இவர் புரிந்துகொண்டுதான் பேசாமலிருந்தாரா? இப்போது என் கையை யார் நம்புவது? நானே நம்பவில்லை.

16-11, ஞாயிறு
மழை விட்டு மூன்று நாள். தரை இறுகியிருக்கிறது. காற்றில்லை.
கழுவி, துடைத்து, மாட்டி, கம்பி முறுக்கி முடிக்க ஒன்றரை மணி நேரம். இவர் குனிந்துகூடப் பார்க்காமல் ஏறப் போனார்.
"நில்லுங்க. நீங்களும் ஒருக்காப் பாருங்க."
"நீதான் பாத்துட்டயே, கண்ணு."
"அதுக்குத்தான் சொல்றேன்."
மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கம்பியின் முனையை மட்டும் உள்ளே மடக்கிவிட்டார். அது எனக்குத் தோன்றவேயில்லை.

தரையில் ஆறு ஓட்டம். சூடாக்கி, ஆறவிட்டு. ஆறு தடவையும் கோணாமல் நின்றது.

பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டேன். புடவையை இழுத்துச் செருகினேன். பொன்னாத்தா: "பயமாருந்தா கண்ண மூடிக்குங்க அம்மணி."
"மூடறதுக்கு எதுக்கு அத்தனை தூரம் போறது?"

மேலே: சத்தம், காது அடைப்பு. வேலிகள் நோட்டுப் புத்தகக் கோடு. மாடுகள் சிந்திய எள். இவர் சிரித்துக்கொண்டேயிருந்தார், வாயை மூட மறந்த மாதிரி.

இறங்கினோம். வேகம் பாதியானதும் தன் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக என் காலடியில் இருந்த இரண்டு பிரேக் பெடலையும் காட்டினார். இரண்டு காலாலும் மிதித்தேன். சமமாக. ஓடுபாதையின் நடுவிலேயே நின்றது.
இவர் கை எஞ்சின் சுவிட்சுக்குப் போயிற்று.
"அணைக்காதீங்க" என்றேன்.