சம்பந்தி வீட்டு இடுப்பு

நேற்று குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. எங்கோ குழாய் உடைந்துவிட்டதாம். தெருவுக்கு லாரியில் போர்வெல் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு வாய் குடித்ததும் நாக்கில் இரும்பு ருசி. உடனே உம் நினைவு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. இறந்துபோன சிநேகிதர்மேல் எரிச்சல்படுவது முறைதானா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

"வாயெல்லாம் துரு வாடை அடிக்கி வே. ஆத்துத் தண்ணியையும் கெடுத்துப்புட்டானுவ" என்று நீர் சொன்னபோது நானும் அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. அதைச் சொன்னேன். என் நாக்கு மட்டம் என்று பேச்சை முடித்துவிட்டீர்.

நீர் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உலோகக் கிண்ணத்துக்குள் உலோகக் குண்டு. ஆபரேஷன் செய்தவர் உம் சம்பந்தியின் தம்பி, சென்னையில் எலும்பு டாக்டர். ஏற்பாடு முழுவதும் சம்பந்திதான். முதலில் நன்றாகத்தான் நடந்தீர். பிறகு, குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகும்போது, நீர் எடுத்து வைக்கும் அடிக்கெல்லாம் இடுப்பில் ஒரு நறநறப்பு கேட்கத் தொடங்கியது. டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

"பொண்ணு அங்கன வாழுதா வே. நீங்க போட்டுவிட்ட இடுப்பு சரியில்லன்னு போயி நிக்கச் சொல்லுதீரா?"

மாப்பிள்ளை வீட்டு விருந்தில் உப்பில்லை என்று பெண்ணைப் பெற்றவர் சொல்லக் கூடாது. அதேபோல அவர்கள் வைத்துக் கொடுத்த இடுப்பிலும் குறை சொல்லக் கூடாது என்பது உம் சட்டம். உமக்குப் புத்தி சொல்ல நான் யார் என்று விட்டுவிட்டேன்.

உமக்கு மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. காது மந்தமானது. பாளையங்கோட்டையில் இதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். அடைப்பு ஏதும் இல்லை, இதயத் தசை மட்டும் தளர்ந்திருக்கிறது, காரணம் புரியவில்லை என்றார் அவர். குடிப்பழக்கம் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நெற்றி நிறையத் திருநீறோடு நீர் கொதித்துக்கொண்டிருந்தீர். நான் தயங்கித் தயங்கி, "சார், இவரு இடுப்புல..." என்று ஆரம்பித்தேன்.

"இவருக்கு எல்லாத்துலயும் சந்தேகம் சார். பூட்டுன வீட்டைப் பாதி வழியில திரும்பிப் போயி இழுத்துப் பாப்பாரு" என்று சிரித்தீர். டாக்டரும் சிரித்துவிட்டார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இடுப்பு எங்கே, இதயம் எங்கே.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான், "இனி நீரே சொல்லும் வே" என்றீர். துரு வாடை, நறநறப்பு, காது, மூச்சு என்று வரிசையாகச் சொன்னேன். இடுப்பை எக்ஸ்ரே எடுத்து, ஊசி குத்தி உறிஞ்சினார்கள். மை மாதிரி கறுப்பாக வந்தது. உலோகம் தேய்ந்து ரத்தத்தில் கலந்து இதயத்தைக் கெடுத்திருக்கிறது என்றார் டாக்டர். மூட்டை எடுத்துவிட்டால் தேற வாய்ப்புண்டு, ஆனால் மயக்க மருந்தை இந்த இதயம் தாங்காதாம். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று என்னைக் கடிந்துகொண்டார். அவரை முறைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

உம் பதினாறாம் நாள் சாப்பாட்டில் சம்பந்தி என் பக்கத்து இலை. "இடுப்பு ஜம்முன்னு இருந்துச்சு அண்ணாச்சி. எந்தம்பி கைராசி அப்படி. நெஞ்சுதான் ஏமாத்திட்டு" என்றார். ஒருமுறையாவது உரக்கப் பேசிவிடுவது என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அப்போது உம் மகள் சாம்பார் வாளியோடு எதிரே வந்து நின்றாள். டாக்டர் எல்லாவற்றையும் சொன்னபோது என் அருகில் நின்றவள் அவள். மாமனாருக்கு ஊற்றிவிட்டு, என் பக்கம் திரும்பி, "மாமா, உங்களுக்கு?" என்று கேட்டாள். கேட்டது வாய்தான். கண் வேறொன்றைக் கெஞ்சியது.

"போதும்மா" என்றேன்.

உம்மை எந்த மௌனத்துக்காக மனசுக்குள் திட்டினேனோ, அதையே இப்போது நான் சுமந்து திரிகிறேன். அந்தத் தம்பி டாக்டருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அதே குண்டை யார் யார் இடுப்பிலோ வைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொன்னால் உம் மகள் அந்த வீட்டில் தலைநிமிர முடியாது. சொல்லாவிட்டால் இன்னொருவர் இதயம் போகும். என்ன செய்யட்டும் என்று உம்மிடம்தான் கேட்க வேண்டும். நீர் என்ன சொல்வீர் என்று எனக்குத் தெரியும். அதுதான் ஓய், தாங்க முடியாத எரிச்சல்.