நூற்றில் உன் பங்கு

முன்னறையில் இருக்கும் உனக்கு,

நேரில் சொல்ல வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவாய். அதனால் எழுதுகிறேன்.

இன்று ஹூமா ஊர் நீதிமன்றத்தில், உன் கால் போன வழக்கில், நீதிபதி ஜூரிகளிடம் சொன்னார்: "மொத்தத் தப்பையும் நூறுன்னு வெச்சுக்கோங்க. படகுக் கம்பெனிக்கு எவ்வளவு, காலை இழந்தவருக்கு எவ்வளவுன்னு பிரிங்க. ஆனா கேப்டன் உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சதைத் தப்புன்னு எடுத்துக்கக் கூடாது."

நீயோ, "யாரும் சொல்லல, ஓடுற வின்ச் உருளையில நானாதான் கயித்தைக் காலால தள்ளினேன்" என்று சாட்சி சொல்லியிருந்தாய். கேப்டன் உன் அண்ணன் ஆயிற்றே.

படகின் சமையல்கார க்ளோவிஸ்தான் உண்மையைப் போட்டு உடைத்தார். "எங்க படகுல யாரும் வாயால சொல்றதில்லீங்க. ரெண்டு ஹாரன் அடிச்சா சீக்கிரம்னு அர்த்தம். வின்ச்சை நிறுத்தி, சிக்கின கயித்தைக் கையால எடுக்கப் போனா, 'என்னடா, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கிறே?'ன்னு கேப்டன் மைக்குல கத்துவாரு. அன்னிக்கும் ரெண்டு அடிச்சாரு." ஜூரிகள் சிரித்தார்கள். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே போன ஜூரிகள் திரும்பி வந்து, "ஹாரன் அடிக்கிறது உத்தரவு ஆகுமா?" என்று கேட்டார்கள்.

"அதை நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார் நீதிபதி.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். உன் மேல் இருபது, மீதி எண்பது கம்பெனி மேல்.

விபத்து நடந்த நாளிலிருந்து நூறையும் நீ ஒருவனே சுமந்துகொண்டு, எங்கள் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாய். நானும் களைத்துவிட்டேன்.

என் பின்னாலேயே வந்த உன் அண்ணன் வாசலில் காரைவிட்டு இறங்காமல் இருக்கிறார். அடுப்பில் கம்போ குழம்பு சூடாக இருக்கிறது. இரண்டு தட்டு வைப்பதா, மூன்றா என்று மட்டும் சொல்.

அடுப்படியிலிருந்து,
உன் மனைவி